ஒரு சிறிய ஐரோப்பிய நாட்டின் வரலாற்றில் உங்களை மிகவும் பாதித்த ஆண்டு எது?

ஐஸ்லாந்து, 1973. கேள்வியைப் பார்த்ததும் மனதில் வந்தது இதுதான்.

அப்போது அந்த நாட்டின் மொத்த மக்கள்தொகை சுமார் 2,10,000. ராணுவம் கிடையாது, இன்றும் கிடையாது. பீர் விற்கத் தடை இருந்த காலம். நாட்டுத் தொலைக்காட்சி வியாழக்கிழமைகளில் ஒளிபரப்பாகாது. ஜூலை மாதம் முழுக்க அதற்கு விடுமுறை. அப்படிப்பட்ட நாட்டில் அந்த ஓர் ஆண்டுக்குள் ஒரு மீன்பிடி ஊரின் ஓரத்தில் பூமி பிளந்து எரிமலை எழுந்தது, பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் கடலுக்குள் நுழைந்தன, அமெரிக்க அதிபரும் பிரெஞ்சு அதிபரும் தலைநகருக்கு வந்து பேசிவிட்டுப் போனார்கள். வரலாற்றுப் பட்டியல்களில் இவை தனித்தனி வரிகளாக இருக்கும். அங்கே போய் வந்த பிறகு எனக்கு இவை ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதாகத் தோன்றுகிறது. எல்லாவற்றுக்கும் அடியில் மீன் இருக்கிறது.

நான் தூத்துக்குடிக்காரன். மீன் பதப்படுத்தும் ஆலைகளில் குளிரூட்டும் எந்திரங்களைப் பராமரிப்பது என் தொழில். அந்த வேலையாகச் சில ஆண்டுகளுக்கு முன் ஏழு வாரம் ஐஸ்லாந்தில் இருந்தேன். அதில் பத்து நாட்கள் தெற்குக் கரைக்கு அப்பால் உள்ள ஹெய்மாய் தீவில். கரையிலிருந்து படகில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. வெஸ்ட்மன் தீவுக் கூட்டத்தில் மனிதர்கள் குடியிருக்கும் ஒரே தீவு அது. 1973இல் அங்கே சுமார் 5,300 பேர் வாழ்ந்தார்கள். நாட்டில் நாற்பதில் ஒருவர் அந்தத் தீவுக்காரர் என்று கணக்கு. நாட்டின் மிக முக்கியமான மீன்பிடித் துறைமுகங்களில் ஒன்றும் அங்கேதான் இருந்தது.

எரிமலைக்குப் போகுமுன் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1960களின் கடைசியில் ஐஸ்லாந்தின் ஹெர்ரிங் மீன் அடியோடு காணாமல் போனது. அளவுக்கு மீறிப் பிடித்தார்கள், கடலும் குளிர்ந்தது. ஹெர்ரிங்கை நம்பியிருந்த ஊர்கள் சோர்ந்து போயின. வேலை தேடி ஆஸ்திரேலியா வரை குடும்பங்கள் கிளம்பின. மிச்சம் இருந்தது காட் மீன். அதையும் பிரிட்டனின் ஹல், கிரிம்ஸ்பி துறைமுகங்களிலிருந்து வரும் பெரிய இழுவைக் கப்பல்கள் அள்ளிக்கொண்டிருந்தன. மீன் இல்லாவிட்டால் ஏற்றுமதி செய்ய அந்த நாட்டிடம் வேறு என்ன இருந்தது? அதனால் தன் மீன்பிடி எல்லையை 12 கடல் மைலிலிருந்து 50 கடல் மைலாக விரிப்பதாக அறிவித்தது. அறிவிப்பு நடைமுறைக்கு வந்த நாள் 1972 செப்டம்பர் 1. அதே நாளில்தான் தலைநகர் ரெய்க்யாவிக்கில் போரிஸ் ஸ்பாஸ்கி தொலைபேசியில் தோல்வியை ஒப்புக்கொள்ள, பாபி ஃபிஷர் உலகச் சதுரங்கச் சாம்பியன் ஆனார். உலகப் பத்திரிகைகள் சதுரங்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஐஸ்லாந்து மீனவர்கள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிரிட்டன் புதிய எல்லையை ஏற்கவில்லை. ஐஸ்லாந்துக் கடலோரக் காவல்படையிடம் இருந்தவை சில சிறிய ரோந்துக் கப்பல்கள். அவர்கள் கண்டுபிடித்த ஆயுதம் ஒரு வலைவெட்டி. நங்கூரம் போன்ற கொக்கி, உள்பக்கம் வெட்டும் கூர்மை. அதைக் கம்பி வடத்தில் கட்டிப் பின்னால் இழுத்தபடி இழுவைக் கப்பலின் பின்புறம் குறுக்கே போவார்கள். வலையைப் பிடித்திருக்கும் எஃகு வடம் அறுந்து, வலையும் அதிலிருந்த மீனும் கடலடிக்குப் போய்விடும். யாருக்கும் காயம் இல்லை, ஆனால் அந்தப் பயணமே வீண். ஒரு மடிவலையின் விலை என்ன என்று தெரிந்த வீட்டில் பிறந்தவன் நான். அந்தக் கப்பல்களில் வேலை செய்தவர்களும் என் தகப்பனாரைப் போன்ற உழைப்பாளிகள்தான். அவர்கள் தரப்பிலிருந்து பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. ஆனாலும் எல்லை விஷயத்தில் நியாயம் ஐஸ்லாந்தின் பக்கம் இருந்தது என்றே நினைக்கிறேன். பிரிட்டனுக்கு அந்த மீன் பல தொழில்களில் ஒன்று. இவர்களுக்கு அதுவே சோறு.

இந்த இழுபறியின் நடுவில் வந்தது 1973 ஜனவரி 23.

முந்தின நாள் கடும் புயல். அதனால் ஹெய்மாயின் மீன்பிடிப் படகுகள் எதுவும் கடலுக்குப் போகவில்லை. சுமார் எழுபது படகுகள் துறைமுகத்தில் கட்டிக் கிடந்தன. இரவு காற்று தணிந்தது. அதிகாலை இரண்டு மணி நெருங்கும்போது ஊரின் கிழக்கு ஓரத்தில், கடைசி வீடுகளுக்கு அப்பால் இருந்த புல்வெளியில், தரை பிளந்தது. ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட பிளவு. தீவின் ஒரு கரையிலிருந்து மறு கரை வரை நெருப்பு வேலி போட்டதுபோல எரிகுழம்பு பீறிட்டு நின்றது. அங்கே எரிமலை ஒன்று விழிக்கும் என்று யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. பத்தாண்டுக்கு முன், 1963இல், அதே கூட்டத்தில் கடலுக்குள்ளிருந்து சுர்ட்சே என்ற புதிய தீவு முளைத்ததை அவர்கள் பார்த்திருந்தார்கள். ஆனால் அது கடலில் நடந்தது. இது வீட்டுக் கொல்லையில்.

நான் வேலை பார்த்த ஆலையின் மேற்பார்வையாளருக்கு அன்று பத்து வயது. அவர் சொன்னதைக் கேட்டு எழுதுகிறேன். அம்மா எழுப்பியபோது அறை முழுக்கச் சிவப்பு வெளிச்சம். ஓட்டமோ கூச்சலோ இல்லை. எல்லோரும் கையில் ஒரு பையுடன் துறைமுகத்தை நோக்கி நடந்தார்கள், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போவதுபோல. எந்தப் படகு யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. காலடியில் இருந்த படகில் ஏறினார்கள். இவருடைய அப்பாவுக்குச் சொந்தப் படகு இருந்தது. ஆட்களை ஏற்றிக்கொண்டு நிலப்பகுதியில் உள்ள தோர்லாக்ஸ்ஹாப்ன் துறைமுகத்துக்குப் போனார். புயல் விட்டுச்சென்ற அலை இன்னும் அடங்கவில்லை. கீழ்த்தட்டில் பிள்ளைகள் வாந்தியெடுத்துக்கொண்டே போனார்கள். நான்கு மணி நேரப் பயணம். இறக்கிவிட்டதும் அப்பா திரும்பிப் பார்க்காமல் தீவுக்கே போய்விட்டாராம், வலைகளையும் வீட்டுச் சாமான்களையும் மீட்க.

மருத்துவமனை நோயாளிகளும் முதியவர்களும் விமானத்தில் போனார்கள். சில மணி நேரத்துக்குள் 5,300 பேரில் பெரும்பாலோர் தீவை விட்டு வெளியேறியிருந்தார்கள். ஒரு நாள் முன்னதாக அந்தப் பிளவு திறந்திருந்தால் அந்தப் புயலில் எவ்வளவு பேரை ஏற்றியிருக்க முடியும்? இரண்டு நாள் பின்னதாக என்றால் படகுகள் எல்லாம் நடுக்கடலில் இருந்திருக்கும். இந்த எண்ணம் எனக்குப் பல இரவுகள் வந்து போயிருக்கிறது. வலை வெட்டிக்கொண்டிருந்த கடலோரக் காவல்படையும் அந்த வேலையை விட்டுவிட்டுத் தீவுக்காரர்களை மீட்க வந்தது. அந்த நாட்டிடம் இருந்த கப்பல்களே அவ்வளவுதான்; எல்லாவற்றுக்கும் அவையேதான்.

அந்த எரிமலையால் உயிரிழந்தவர் ஒரே ஒருவர். தாழ்ந்த இடங்களில் தேங்கிய நச்சு வாயுவால் இறந்தார். ஆனால் ஊர் மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருந்தது. சில நாட்களில் காற்று திசைமாறி, கரிய சாம்பல் ஊரின் மேல் கொட்டத் தொடங்கியது. மீட்புக்கு நின்றவர்கள் கூரைகளில் ஏறி மண்வெட்டியால் சாம்பலைத் தள்ளினார்கள். தள்ளாவிட்டால் பாரத்தில் கூரை உள்ளே விழும். எரிமலையைப் பார்த்திருந்த ஜன்னல்களில் எல்லாம் நெளிதகடுகளை ஆணியடித்து மூடினார்கள், பறந்து வரும் கொதிகற்கள் கண்ணாடியை உடைத்து வீட்டுக்குள் தீ மூட்டாமல் இருக்க. அந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு வளைவு வாசல் உண்டு. ‘நான் வாழ்கிறேன், நீங்களும் வாழ்வீர்கள்’ என்ற பொருளில் விவிலிய வரி அதில் எழுதியிருக்கும். கல்லறைகள் எல்லாம் சாம்பலுக்குள் போய், அந்த எழுத்து மட்டும் மேலே தெரியும் அந்த நாட்களின் புகைப்படம் ஐஸ்லாந்துக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். நான் அந்த வாசலின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். தலைக்கு மேலே எவ்வளவோ உயரத்தில் இருந்தது அந்த வரி. அதுவரை சாம்பல் என்றால் எவ்வளவு என்று உடம்புக்குத் தெரிந்தது அப்போதுதான்.

இனி, எந்திரத் தொழிலாளியாக என்னை ஆட்டிவைக்கும் பகுதி. எரிகுழம்பு வடக்கே நகர்ந்து துறைமுக வாயிலை அடைக்கப் போனது. வீடுகள் போனால் கட்டிக்கொள்ளலாம். துறைமுகம் மூடிவிட்டால் அந்த ஊருக்குத் திரும்புவதற்குக் காரணமே இல்லை. தோர்பியோர்ன் சிகுர்கேய்ர்சன் என்ற இயற்பியலாளர் ஒரு யோசனை சொன்னார்: கடல்நீரை அடித்துக் குழம்பின் முன்பக்கத்தைக் குளிர்வித்தால் அது உறைந்து சுவராகும், பின்னால் வருவது அந்தச் சுவரில் முட்டி வேறு பக்கம் திரும்பும், அல்லது தடித்து மேலே எழும். (அவர் பெயரின் பின்பாதி குடும்பப் பெயர் இல்லை. ‘சிகுர்கேயரின் மகன்’ என்று பொருள். நம்மைப் போலவே அப்பா பெயரைத்தான் சேர்த்துக்கொள்கிறார்கள். நாட்டின் தலைவரைக்கூட முதல் பெயர் சொல்லித்தான் அழைக்கிறார்கள். ஆலையில் என்னைக் குடும்பப் பெயர் கேட்டு யாரும் தொந்தரவு செய்யாத ஒரே வெளிநாடு அது.)

பிப்ரவரி தொடக்கத்தில் தீயணைப்புக் குழாய்களை வைத்துச் சிறிய அளவில் முயன்றார்கள். பலன் தெரிந்தது. மார்ச்சில் மணல் வாரும் கப்பல் ஒன்றைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து அதன் பம்பைக் கொண்டு அடித்தார்கள். அதுவும் போதாமல் அமெரிக்காவிலிருந்து பெரிய பம்புகள் முப்பதுக்கும் மேல் வந்து சேர்ந்தன. ஆறாத குழம்பின் முதுகின் மேலேயே புல்டோசரை ஓட்டிப் பாதை போட்டு, குழாய்களை இழுத்துக்கொண்டு போனார்கள். அதில் பிளாஸ்டிக் குழாய்களும் இருந்தன. உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும் வரை அவை உருகவில்லை; ஓட்டம் நின்றால் போச்சு. இதைப் படித்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். நாங்கள் ஆலையில் தினமும் சொல்லும் விதி இதுவேதான்: சூட்டை எடுத்துச் செல்வது ஓட்டம், நின்ற நீர் காப்பாற்றாது. அந்த விதியை நம்பி எரிமலையின் மேல் ஏறியிருக்கிறார்கள் அந்த மனிதர்கள். எதிரே நிற்பவர் தெரியாத அளவுக்கு நீராவி, காலணியைச் சுடும் தரை, கீழே எத்தனை மீட்டரில் குழம்பு ஓடுகிறது என்று தெரியாத நடை.

எல்லாம் வெற்றி இல்லை. பிப்ரவரியில் எரிமலைக் கூம்பின் ஒரு பெருந்துண்டு பெயர்ந்து, சுமார் 20 லட்சம் டன் எடையோடு குழம்பின் மேல் மிதந்தபடி துறைமுகத்தை நோக்கி வந்தது. ஐஸ்லாந்தியர் அதற்கு ‘நாடோடி’ என்று பொருள்படப் பெயர் வைத்தார்கள். அது வாயிலை எட்டாமல் உடைந்து நின்றது. மார்ச் கடைசியில் குழம்பு ஊருக்குள்ளே பாய்ந்து தெருத் தெருவாக விழுங்கியது. மொத்தம் நானூறு வீடுகள் வரை அழிந்தன. ஆனாலும் பம்புகள் நிற்கவில்லை. ஜூலைத் தொடக்கத்தில் எரிமலை ஓய்ந்தபோது அவர்கள் அடித்திருந்த கடல்நீர் 60 லட்சம் டன்னுக்கு மேல். துறைமுக வாயில் மூடவில்லை. குறுகியது, ஆனால் கிழக்குக் காற்றுக்கு முன்பு திறந்து கிடந்த துறைமுகத்துக்குப் பாறைக் குழம்பே அலைத்தடுப்பாக அமைந்து, பழைய துறைமுகத்தைவிட நல்ல துறைமுகம் கிடைத்தது. தீவும் இரண்டு சதுர கிலோமீட்டருக்கு மேல் பெரிதானது. சுமார் 200 மீட்டர் உயரத்துக்கு நின்ற புதிய மலைக்கு எல்ட்ஃபெல் என்று பெயர். நெருப்பு மலை என்று பொருள்.

இந்த மாதங்களில் மற்ற கதையும் தூங்கவில்லை. மே 19 அன்று பிரிட்டன் தன் இழுவைக் கப்பல்களைக் காக்கப் போர்க்கப்பல்களை 50 மைலுக்குள் அனுப்பியது. ரெய்க்யாவிக்கில் திரண்ட கூட்டம் பிரிட்டிஷ் தூதரகத்தின் ஜன்னல்களை உடைத்தது. மே 26 அன்று ஐகிர் என்ற ரோந்துக் கப்பல், நிற்க மறுத்த எவர்டன் என்ற இழுவைக் கப்பல் மீது சுட்டது. குண்டு துளைத்துத் தண்ணீர் புகுந்தாலும் கப்பல் தப்பியது. இரண்டு நாடுகளும் நேட்டோ என்ற ஒரே ராணுவக் கூட்டணியின் உறுப்பினர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

இந்தக் கொந்தளிப்பில், மே 31, ஜூன் 1 ஆகிய நாட்களில், ரிச்சர்ட் நிக்சனும் ஜார்ஜ் பொம்பிடூவும் ரெய்க்யாவிக்கில் சந்தித்தார்கள். அந்த வசந்தத்தில்தான் திறந்திருந்த கியார்வல்ஸ்தாதிர் என்ற ஓவியக்கூடத்தில் பேச்சு. வரவேற்ற ஐஸ்லாந்து அதிபர் கிறிஸ்தியான் எல்த்யார்ன் தொல்லியல் அறிஞர். தலைநகருக்குத் தெற்கே ஓர் ஊர் இன்னும் சாம்பலுக்குள் எரிந்துகொண்டிருந்தது. சந்திப்பில் என்ன முடிவானது என்பதில் எனக்கு அக்கறை இல்லை. பெரிதாக எதுவும் முடிவாகவில்லை. ஆனால் அமெரிக்காவுக்கு ஐஸ்லாந்தில் இருந்த கெப்லாவிக் ராணுவத் தளம் எவ்வளவு தேவை, சோவியத் நீர்மூழ்கிகள் அட்லாண்டிக்குக்கு வரும் வழியில் அந்தத் தீவு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது அந்த நாட்களில் எல்லோருக்கும் கண்ணுக்கு நேரே தெரிந்தது. ராணுவம் இல்லாத நாட்டின் பலம் அந்த இடம்தான். அதை ஐஸ்லாந்து நன்றாக அறிந்திருந்தது.

அந்த மீன் சண்டையில் ஒரு சாவு உண்டு. ஆகஸ்ட் 29 அன்று ஐகிர் கப்பலும் அப்பல்லோ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலும் மோதின. ஐகிரின் சேதமான பக்கவாட்டை உள்ளிருந்து வெல்டிங் செய்துகொண்டிருந்த எந்திரப் பொறியாளர் ஒருவர், கடல்நீர் உள்ளே புகுந்து மின்சாரம் பாய்ந்து இறந்தார். ஈரத் தரையில் மண்டியிட்டு வெல்டிங் செய்தவன் நான். அரசுகள் மீன் அளவைப் பற்றிப் பேசும்போது கீழே, வெளிச்சம் குறைந்த ஓர் அறையில், அந்த வேலையைச் செய்பவன் எப்போதும் என்னைப் போன்ற ஒருவன். அந்த ஆண்டைப் பற்றி யார் பேசினாலும் முதலில் அவரைத்தான் நினைக்கிறேன்.

செப்டம்பரில் நேட்டோ பொதுச்செயலாளர் ஜோசப் லன்ஸ் ஓடி வந்தார். அக்டோபர் தொடக்கத்தில் போர்க்கப்பல்கள் வெளியேறின. அக்டோபர் நடுவில் ஐஸ்லாந்துப் பிரதமர் ஓலாபுர் யோஹன்னேசன் லண்டனில் பிரிட்டிஷ் பிரதமர் எட்வர்டு ஹீத்தைச் சந்தித்தார். நவம்பர் 8 அன்று உடன்பாடு: பிரிட்டன் ஆண்டுக்கு 1,30,000 டன்னுக்கு மேல் பிடிக்காது, குறித்த பகுதிகளில் மட்டுமே பிடிக்கும், இரண்டு ஆண்டுகளுக்கு. 1975இல் ஐஸ்லாந்து எல்லையை 200 மைலாக்கி, மீண்டும் மோதல் வந்து, அதிலும் அவர்களே வென்றார்கள். இன்று உலகெங்கும் நடைமுறையில் உள்ள 200 மைல் பொருளாதார மண்டலம் சட்டமாவதற்கு வழி வெட்டியவர்களில் அவர்களும் உண்டு.

தீவுக்காரர்களுக்காக நாடு முழுவதும் கூடுதல் வரி கட்டியது. பேரிடர் நிதி ஒன்று அமைந்தது. நார்டிக் நாடுகள் பணமும், அடித்துப் பொருத்தும் மர வீடுகளும் அனுப்பின. அந்தக் கோடையில் தீவின் பிள்ளைகள் நூற்றுக்கணக்கானோரை நார்வே விருந்தாளிகளாக அழைத்துக்கொண்டது. ஊரிலிருந்து அள்ளிய சாம்பலை விமான ஓடுபாதையை நீட்டவும் புது வீடுகளுக்கு அடித்தளம் நிரப்பவும் பயன்படுத்தினார்கள். அடுத்த சில ஆண்டுகளில், ஆறாத குழம்புக்குள் தண்ணீரை விட்டு அந்த வெப்பத்தாலேயே ஊரின் வீடுகளைச் சூடாக்கினார்கள். பத்தாண்டுகளுக்கு மேல் அப்படி ஓடியது. நான் எல்ட்ஃபெல் உச்சியில் ஒரு சாண் ஆழம் கிளறிப் பார்த்தேன். செங்கல் நிறச் சரளை, மேலே குளிர்ச்சி, அடியில் இளஞ்சூடு. கையை அதற்குள் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

1975 மார்ச்சுக்குள் பழைய மக்கள்தொகையில் 80 சதவீதம் பேர் திரும்பியிருந்தார்கள். இன்று உறைந்த குழம்பின் மேல் நடந்தால், கீழே புதைந்த தெருக்களின் பெயர்ப்பலகைகள் ஆங்காங்கே நிற்கின்றன. சாம்பலுக்குள்ளிருந்து தோண்டியெடுத்த ஒரு வீட்டைச் சுற்றிக் கட்டிய அருங்காட்சியகம் 2014இல் திறந்தது. வளைந்த கூரையும் உள்ளே அப்படியே கிடக்கும் வீட்டுப் பொருள்களும் பார்க்க முடியாதவை, பார்க்காமலும் வர முடியாதவை.

அந்த மேற்பார்வையாளரிடம் அவர்கள் வீடு எங்கே என்று கேட்டேன். ஆலையின் ஜன்னல் வழியே கிழக்கே இருந்த கரும்பாறைத் திட்டைக் காட்டினார். அதற்குள், எங்கோ அடியில். ஊரின் மேற்குப் பக்கம் புதிதாகக் கட்டிய மர வீட்டுக்குத்தான் 1974இல் திரும்பினார்களாம். ரெய்க்யாவிக்கில் வேலை கிடைத்திருந்தும் ஏன் வந்தீர்கள் என்றேன். கேள்வி அவருக்குப் புரியவில்லை என்று நினைத்து மறுபடியும் கேட்டேன். புரிந்துதான் இருந்தது. வீடுதான் போயிற்று, படகு இருந்தது, துறைமுகமும் இருந்தது என்றார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று மணிக்கு ஒரு படகு சரக்கோடு வருகிறது, அதற்குள் இரண்டாவது கம்ப்ரசர் ஓட வேண்டும் என்று சொல்லிவிட்டு எழுந்தார். நானும் கையுறையை மாட்டிக்கொண்டு பின்னால் போனேன்.